தேன் உறைஞ்சா பரவாயில்ல, நுரைச்சா கவனிங்க

ஆடலூர்ல மலைத்தேன் வாங்கிட்டு வந்த நண்பர்கள் என்கிட்ட கேட்கிறது: "அடியில சர்க்கரை மாதிரி நிக்குதே, கலப்படமா?" அதை மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. தேன்ல இருக்கிற குளுக்கோஸ் தானாவே படிகமாகும். 14 டிகிரி வாக்கில் இன்னும் வேகமா. பாட்டிலை 40 டிகிரி வெந்நீர்ல வெச்சா இளகிடும். அடுப்புல காய்ச்சாதீங்க, மணமே போயிடும்.

நான் பயப்படுறது ஈரத்துக்குத்தான். மலைத்தேனீயோட தேன் இயல்பாவே நீர்த்தது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினா ஈஸ்ட் கிளம்பும், நுரைக்கும், புளிக்கும். காத்துல இருக்கிற ஈரத்தையும் தேன் இழுக்கும். அதனால கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, துடைச்ச ஸ்பூன். தினசரிக்குச் சின்ன பாட்டில்ல கொஞ்சம் ஊத்திக்கோங்க. பெருசை அடிக்கடி திறக்க வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல வெச்சா புளிப்பு தள்ளிப்போகும், ஆனா ஊத்த வராது.

ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும், பாட்டியே சொன்னாலும், நாக்குல தடவாதீங்க. பொட்டுலிசம் ஆபத்து இருக்கு.