கார்முகிலை அளந்த நீலகிரி

இடியும் மின்னலும் பிறக்கும் கார்முகில் தன்னுள் எவ்வளவு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது? அது நூறு கோடி வோல்ட் அளவை எட்டக்கூடும் என 1929ஆம் ஆண்டில் இயற்பியல் அறிஞர் சி.டி.ஆர். வில்சன் கணித்தார். பின்னாளில் பலூன்களும் வானூர்திகளும் முகிலுக்குள் சென்று அளந்தன. எனினும், அவை தாம் கடந்த பாதையை மட்டுமே அறிந்தன. பல கிலோமீட்டர் பரந்த முகிலை முழுமையாக அளக்க இயலவில்லை.

இவ்வினாவிற்கான விடை நீலகிரியில் கிடைத்தது. உதகமண்டலத்தில் ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. இங்குள்ள மியூவான் தொலைநோக்கி, 560 சதுர மீட்டர் பரப்பில் 3712 எண்ணிகளைக் கொண்டது. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 இலட்சம் மியூவான்களை, அவை வந்த திசையோடு, இரவு பகலாகத் தானே பதிவு செய்கிறது.

மியூவான் மின்னூட்டம் உடைய துகள். ஆதலால், முகிலின் மின்புலம் நேர்மின் மியூவானின் ஆற்றலைக் குறைத்தால், எதிர்மின் மியூவானின் ஆற்றலைக் கூட்டும். நேர்மின் மியூவான்களே எண்ணிக்கையில் மிகுதி என்பதால் இழப்பும் ஈட்டமும் சமமாவதில்லை. குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்டவற்றை மட்டுமே தொலைநோக்கி எண்ணுவதால், இவ்வேறுபாடு மொத்த எண்ணிக்கையில் வெளிப்படும்.

2014 டிசம்பர் 1 அன்று இடிமுகில் ஒன்று உதகையைக் கடந்தது. அப்போது 18 நிமிடங்கள் மியூவான் எண்ணிக்கை குறைந்திருந்தது. அக்குறைவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடே. கணினிப் பாவனையாக்கத்தின் துணையுடன் அதனை ஆராய்ந்த அறிஞர்கள், முகிலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் எனக் கண்டறிந்தனர். அம்முடிவு 2019ஆம் ஆண்டு வெளியானது. வில்சனின் கணிப்பு தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது.

முகிலின் மின்னியல்பைப் போலவே, கண்ணுக்குப் புலப்படாத படிகங்களின் மின்னியல்பும் இன்று தானியங்கிக் கருவிகளால் ஆராயப்படுகிறது. புறமின்புலம் இல்லாதபோதும் மின்முனைவு கொண்டிருப்பவை ஃபெர்ரோமின் பொருள்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில், அவற்றின் பரப்பை நுண்ணிய ஊசியால் ஆராயும் நுண்ணோக்கி, அடுத்து எவ்விடத்தை அளப்பது என்பதை இயந்திரக் கற்றலின் வழியே தெரிவு செய்கிறது.

எண்ணுவதையும் தேடுவதையும் கருவிகள் ஏற்றுக்கொண்டன. எனினும், அந்தச் சிறு குறைவு ஏன் நேர்ந்தது என வினவியவர் மனிதரே. அவ்வினாவே முகிலின் மறைபொருளை வெளிப்படுத்தியது.