ஒத்துக்காரரின் மூச்சு
சின்ன வயசில் கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரத்தைவிட ஒத்துதான் எனக்கு ஆச்சரியம். விரல் ஓடாது, ஒரே சுரம், அறுபடாமல். இந்த மனுஷன் மூச்சே இழுக்கமாட்டாரா?

இழுப்பார். கன்னத்தில் அடக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளும் அதே நொடியில் மூக்கு வழியே புதுக் காற்று உள்ளே போகும்.

நுரையீரலில் ஊதக் காற்று மிச்சம் இருந்தாலும் நெஞ்சு முட்டும். ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு என்பதால் இல்லை. 21 சதவீதமாக உள்ளே போனது, வெளியே வரும்போதும் 16 இருக்கும். முட்டவைப்பது கார்பன் டை ஆக்சைடு: 0.04 சதவீதமாகப் போய் 4 ஆகத் திரும்புகிறது. கைமாற்றம் நடப்பது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகளில். வெளியேறாமல் ரத்தத்தில் அது ஏற ஏற, மூளைத்தண்டு 'இழு, இழு' என்று அடம்பிடிக்கும்.

கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. கூடவே நின்ற ஒத்தின் இடத்தில் இப்போ பெரும்பாலும் சுருதிப்பெட்டிதான்.