குணசேகரனும் எங்கள் அயலாரும்

தொலைக்காட்சித் தொடர் நாடகம் பார்க்கும் பெண்களை எள்ளி நகையாடுவது படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கண்ணீர் வடிப்பதற்கென்றே அவர்கள் பெட்டியின் முன் அமர்கிறார்கள் என்பது அப்படித்தவர்களின் துணிபு. மகாவலிக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டையில் வாழும் நான், அயல் வீட்டாரின் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அப்பேச்சில் கண்ணீரைவிடத் திறனாய்வே மிகுதி.

சன் தொலைக்காட்சியில் 2022 பெப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ நாடகத்தை வாசகர் பலர் அறிவர். ‘கோலங்கள்’ நாடகத்தை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். படித்த பெண்களைத் தேடித் தம் இல்லத்துக்கு மருமக்களாகக் கொணர்ந்து, பின்னர் அடுக்களைக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன் என்னும் மூத்த அண்ணனே கதையின் அச்சாணி. இளைய மருமகளாக ஜனனி வந்த பின்னரே அவ்வீட்டில் எதிர்ப்புக் குரல் வலுக்கிறது. குணசேகரனாக நடித்தவர் தேனி மாவட்டத்து மாரிமுத்து. ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய திரைப்படங்களை இயக்கியவர்.

இக்குணசேகரனை எங்கள் அயலில் வையாதவர் இல்லை. வைதுகொண்டே அவன் வரும் காட்சிக்காகக் காத்தும் இருந்தார்கள். காரணம் வினவினேன். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்து, இப்போது மகன் வீட்டில் வாழும் மூதாட்டியார் ஒருவர் விடை சொன்னார். ஏனைய நாடகங்களின் தீயவர்கள் நஞ்சு வைக்கிறார்கள், அடியாட்களை ஏவுகிறார்கள். அத்தகையோரைத் தாம் வாழ்நாளில் கண்டதில்லையாம். சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, சிரித்துக்கொண்டே மனைவியை மட்டந்தட்டும் ஆடவரையோ எண்ணற்றோரைக் கண்டிருக்கிறாராம். கொடுமையின் அளவன்று, அதன் பழகிய முகமே ஒரு பாத்திரத்துக்கு உயிரூட்டுகிறது என்பதை இதனினும் தெளிவாக எந்த நூல் கூறும்?

2023 செப்டெம்பர் 8ஆம் நாள் மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். அந்நாடகத்துக்கே குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது நோவு கண்டதாகச் செய்திகள் கூறின. அதுவரை வைதவர்களே அன்று வருந்தினார்கள். பின்னர், ‘குற்றப் பரம்பரை’ எழுதிய வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். அவரும் தேர்ந்த நடிகரே. ஆயினும் எங்கள் அயலார் நிறைவு கொள்ளவில்லை. புதியவரிடம் சினம் உண்டு, முன்னவரின் நையாண்டி இல்லை என்றார்கள். அது நடிகரின் குறையன்று, உரையாடலே நையாண்டியைக் கைவிட்டுவிட்டது என்று ஓர் ஆசிரியை மறுத்தார். பாத்திரம் எழுதியவருக்கு உரியதா, நடித்தவருக்கு உரியதா என்னும் பழைய வழக்கு, மாத்தளை வீதித் தேநீர்க் கடை வரை சென்றது! நாடகம் 2024 ஜூனில் முடிந்து, அவ்வாண்டு டிசெம்பரிலேயே இரண்டாம் பாகமாக மீண்டும் எழுந்தது. அந்நீட்சியைப் பற்றி அயலார் கூறியவற்றை ஈண்டு எழுதாமல் விடுவதே மரியாதை.

இக்கூர்மை புதிதாக முளைத்ததன்று. எஸ். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ இலங்கை வானொலியில் ஒலித்து, 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம்களின் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும் அதில் கலந்து விளையாடின. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் எனப் பாத்திரங்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்களோடு ஒட்டி நிலைத்துவிட்டன. இரசிகர் சூட்டிய பட்டங்கள் அவை. தம் அயலில் கேட்ட குரலையே வானொலியிலும் கேட்டதனால் சூட்டினார்கள்.

இன்று என் அயலார் எடைபோடுவது மதுரைச் சீமைக் குடும்பமொன்றை. அதில் தவறில்லை, நல்ல பாத்திரம் கடல் கடந்தும் பேசும். ஆனால் ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் இவ்வாறு வீட்டுக்கு வீடு வாதிட வைத்த நம் நாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எவராலும் சொல்ல இயலவில்லை. இவ்வளவு தேர்ந்த இரசனைக்கு உள்ளூரில் வேலை இல்லாதிருப்பது எனக்குப் பெரும் இழப்பாகவே தோன்றுகிறது.

மூதாட்டியார் மட்டும் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். தோட்டத்து லயத்தில் ஒரு குணசேகரன் இருந்தால் அவன் அதிகம் பேசமாட்டான் என்றார். சம்பள நாளன்று மனைவியின் கூலியையும் தானே வாங்கிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, அவள் கேட்கும்போது வானத்தைப் பார்த்து மழை வரும் போலிருக்கிறது என்பானாம்.