கோடைக்கு ஏற்ற பலாச்சுளை உறைதயிர்

நெய்வேலி நகரியத்தில் கோடை வந்துவிட்டால், காலையில் உறை ஊற்றிய பால் மாலைக்குள் புளித்துவிடுகிறது. மிஞ்சும் தயிரைப் புளிக்கும் முன்பே எடுத்து, பக்கத்துப் பண்ருட்டிப் பலாவைச் சேர்த்து உறைய வைத்தால் குழந்தைகளுக்கு நல்ல தின்பண்டம் கிடைக்கும். ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் உண்டு. 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலில் செய்யும் உறைதயிரில் அதில் பாதிகூட இராது.

கொழுப்பு குறைந்தால் தண்ணீர் மிகும். அது பெரிய பனித்துகளாக உறைந்து பல்லில் நறநறக்கும். நீரை வடிப்பதும், உறையும்போது கிளறுவதுமே இதற்கு வழி.

செய்முறை: 1 லிட்டர் தயிரைத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியிலேயே 4 மணி நேரம் வடிய விடவும். கெட்டித் தயிருடன் 100 கிராம் சர்க்கரைத் தூள், அரைத்த 10 பலாச்சுளை, சிறிது ஏலப்பொடி சேர்த்துக் கடையவும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி உறை அறையில் வைத்து, முக்கால் மணிக்கு ஒரு முறையாக மூன்று முறை கிளறவும். சர்க்கரையை மிகவும் குறைத்தால் கல்லாக இறுகிவிடும். ஆகவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

பாலை நன்கு காய்ச்சியே உறை ஊற்ற வேண்டும். குளிரில் கிருமிகள் சாவதில்லை; அடங்கிக் கிடக்கும், அவ்வளவே. மின்சாரம் நின்று உருகிப்போனால் மறுபடியும் உறைய வைக்கக் கூடாது.

வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். மோரில் சேர்க்கலாம், மாடு வைத்திருப்பவர்கள் கழுநீரில் கலந்து வைக்கலாம்.