முப்பது சதவீதம் இருந்தும் அணைந்தது ஏன்?

திருமண மண்டபம். மாலை மாற்றும் நேரம். மாமா தம் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார். திரையின் மூலையில் 30 சதவீதம் என்று தெரிகிறது. பொத்தானை அழுத்துகிறார். பளிச்சென்று ஒரு ஒளி! அடுத்த கணம் திரை இருண்டுவிடுகிறது. என்ன செய்தும் கைப்பேசி விழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சார்ஜரில் செருகினால் 28 சதவீதம் என்று காட்டுகிறது!

“வைரஸ் புகுந்திருக்கும் மாமா” என்கிறான் ஒருவன். “சார்ஜர் போலியாக இருக்கும்” என்கிறார் அத்தை. கடைக்காரரோ, “போர்டு போய்விட்டது சார், புதிதாகவே வாங்கிவிடுங்கள்” என்கிறார்.

யார் சொல்வது சரி? இயற்பியல் படிக்கும் நாம் ஊகத்தில் இறங்க வேண்டாம். காரணத்தைப் படிப்படியாகத் தேடுவோம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்த்தால் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாட்டரிக்குள் அப்படி எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே கைப்பேசியில் உள்ள ஒரு சில்லு கணக்குப் பிள்ளையைப் போல வேலை செய்கிறது. மின்னோட்டம் போகும் வழியில் மிகச் சிறிய மின்தடை ஒன்று உள்ளது. அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், ஓம் விதிப்படி மின்னோட்டம் தெரிந்துவிடும். எவ்வளவு மின்னூட்டம் வந்தது, எவ்வளவு போனது என்று வரவு செலவு எழுதி, மிச்சத்தைச் சதவீதமாகக் காட்டுகிறது அந்தச் சில்லு.

ஆகவே 30 சதவீதம் என்பது ஒரு மதிப்பீடு. அது ஓரளவு சரியாகவே இருந்தாலும் ஒன்றை அது சொல்வதில்லை. பாட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. கேட்ட வேகத்தில் அது வெளியே வருமா என்பது வேறு கேள்வி. குடத்தில் நீர் இருக்கலாம். வாய் குறுகிவிட்டால் தாகத்துக்கு வேண்டிய வேகத்தில் அது வருமா?

சுவர்க் கடிகாரம் சொல்லும் பாடம்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக் காரை ஓட்டி ஓட்டிக் களைத்துப்போன பென்சில் செல்லை அம்மா எறிய மாட்டார். சுவர்க் கடிகாரத்தில் போடுவார். காரை நகர்த்த முடியாத அதே செல், கடிகாரத்தை மாதக்கணக்கில் ஓட்டும். இது எப்படி?

ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. இதையே அகமின்தடை என்கிறோம். மின்கலத்தின் மின்னியக்கு விசை E, அகமின்தடை r, வெளியே பாயும் மின்னோட்டம் I என்றால், நமக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்:

V = E − I r

கடிகாரம் கேட்பது மிகமிகச் சிறிய மின்னோட்டம். ஆகவே I r என்னும் இழப்பும் மிகச் சிறியது. பொம்மைக் காரின் மோட்டாரோ பெரிய மின்னோட்டம் கேட்கிறது. அப்போது I r பெரிதாகி, பெரும்பகுதி மின்னழுத்தம் செல்லுக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது.

இதே கணக்கை மாமாவின் கைப்பேசிக்கும் போட்டுப் பார்ப்போமா? எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 30 சதவீதத்தில் பாட்டரியின் மின்னியக்கு விசை 3.7 வோல்ட். படம் எடுக்கும் கணத்தில் காமிரா, ஒளிவிளக்கு, செயலி மூன்றும் சேர்ந்து 3 ஆம்பியர் கேட்கின்றன. மின்னழுத்தம் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் கைப்பேசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

பாட்டரி புதிதாக இருந்தபோது அகமின்தடை 0.1 ஓம். இழப்பு 3 × 0.1 = 0.3 வோல்ட். மிஞ்சுவது 3.4 வோல்ட். படம் நன்றாக விழும்.

பாட்டரி பழசானபின் அகமின்தடை 0.25 ஓம். இழப்பு 3 × 0.25 = 0.75 வோல்ட். மிஞ்சுவது 2.95 வோல்ட். திரை இருண்டுவிடும்!

அணைந்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. I சுழியானால் I r-உம் சுழிதானே? மின்னழுத்தம் மீண்டும் 3.7 வோல்ட்டை நெருங்கிவிடும். வீட்டுக்கு வந்து சார்ஜரில் செருகியபோது 28 சதவீதம் காட்டியதன் மர்மம் இதுவே. சில்லு பொய் சொல்லவில்லை. பாட்டரியில் மின்னூட்டம் இருந்தது. வேண்டிய வேகத்தில் வெளியே வரத்தான் முடியவில்லை.

மின்கலத்துக்கும் முதுமை உண்டு

கைப்பேசியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதை 1991-ல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் ஒரு பக்கத்தில் கிராஃபைட், மறுபக்கத்தில் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு, நடுவே நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் ஒரு மின்பகு திரவத்தில் ஊறியிருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே போய்ப் புகுந்துகொள்கின்றன. கைப்பேசியைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன.

இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின்மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது முதலில் நன்மையே செய்கிறது; மின்பகு திரவம் மேலும் சிதையாமல் காக்கிறது. ஆனால் நாளாக ஆகப் படலம் தடிக்கிறது. அயனிகள் கடந்து போவது கடினமாகிறது. அகமின்தடை ஏறுகிறது. படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வராததால் கொள்ளளவும் குறைகிறது.

வெப்பம் இந்த முதுமையை விரைவுபடுத்துகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியிலும் கைப்பேசியை வைக்கக் கூடாது என்பது இதனால்தான். குளிர் வேறு விதம். அது பாட்டரியை நிரந்தரமாக முதுமைப்படுத்துவதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அகமின்தடையை உயர்த்திவிடுகிறது. மார்கழி விடியலில் ஊட்டியில் படம் எடுக்கும்போது பழைய கைப்பேசி திடீரென்று அணைந்தால் வியப்படைய வேண்டாம்!

ஒரு பாட்டரியை மாற்றியதால் வெளிவந்த உண்மை

2016-ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 6, 6எஸ் வகைகளில் இப்படித் திடீரென்று அணைவதாகப் பலர் முறையிட்டனர். 2017 ஜனவரியில் நிறுவனம் ஒரு புதிய மென்பொருளை அனுப்பியது. அணைவது குறைந்தது. ஆனால் பழைய கைப்பேசிகள் மெதுவாக ஓடத் தொடங்கின. வயதானால் எல்லாக் கைப்பேசியும் இப்படித்தான் என்று எண்ணிப் பலர் புதிது வாங்கினர்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பயனாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். தம் கைப்பேசியின் வேகத்தை அளந்தார். பாட்டரியை மட்டும் மாற்றினார். மீண்டும் அளந்தார். வேகம் பெரிதும் கூடியிருந்தது! வேக அளவு மென்பொருள் தயாரிக்கும் ஜான் பூல் என்பவர், ஏராளமான கைப்பேசிகளின் அளவீடுகளைத் தொகுத்து இதே போக்கைக் காட்டினார். சில நாட்களில் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. பாட்டரி பழசானால் செயலியின் வேகத்தை மென்பொருள் குறைத்துவிடும். நம் சமன்பாட்டில் r-ஐக் குறைக்க வழியில்லை. ஆகவே I-ஐக் குறைத்துவிட்டனர்!

இயற்பியல்படி இது தவறான தீர்வு அன்று. பயனாளருக்குச் சொல்லாமல் செய்ததே தவறு. 2017 டிசம்பர் இறுதியில் நிறுவனம் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-ல், அமெரிக்காவில் நடந்த வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்க இசைந்தது.

இவ்வளவும் வெளிவரக் காரணமான சோதனையைக் கவனியுங்கள். அந்தப் பயனாளர் ஒன்றை மட்டும் மாற்றினார். மற்றவற்றை அப்படியே விட்டார். இதுவே அறிவியல் முறை.

ஒரு நேரத்தில் ஒன்று

கைப்பேசி அணைகிறது என்றால் நாமும் இப்படியே ஆராயலாம்.

1. எப்போது அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காமிரா, விளையாட்டு போன்ற கனமான வேலையின்போதா? சும்மா இருக்கும்போதா?

2. சார்ஜரில் செருகியபடியே அதே வேலையைச் செய்து பாருங்கள். இப்போது அணையவில்லை என்றால் ஐயம் பாட்டரிமேல் விழுகிறது. தேவையான மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சார்ஜர் கொடுத்துவிடுகிறது அல்லவா?

3. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘சேஃப் மோடு’ என்று ஒன்று உண்டு. அதில் நாம் பின்னர் சேர்த்த செயலிகள் ஓடமாட்டா. அப்போதும் அணைந்தால், அந்தச் செயலிகள் குற்றவாளி அல்ல.

4. சார்ஜ் மெதுவாக ஏறினால், முதலில் கேபிளை மட்டும் மாற்றுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எதில் பழுது என்று எப்படித் தெரியும்? மெல்லிய கேபிளின் மின்தடை 0.3 ஓம் என்றால், 2 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

5. போர்டு போய்விட்டது என்று கடையில் சொன்னால், “பாட்டரியைக் கழற்றிவிட்டு உங்கள் பவர் சப்ளையில் ஓட்டிக் காட்டுங்கள் அண்ணே” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல பழுது நீக்குபவரிடம் அந்தக் கருவி இருக்கும். கைப்பேசி எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பதையும் காட்டும். அதில் ஒழுங்காக ஓடினால், பெரும்பாலும் மாற்ற வேண்டியது பாட்டரி மட்டுமே. அதன் விலை புதிய கைப்பேசியின் விலையில் சிறு பகுதிதான்.

வீங்கிய பாட்டரி: விளையாடாதீர்கள்!

5,000 மில்லி ஆம்பியர் மணி, 3.85 வோல்ட் பாட்டரியில் உள்ள ஆற்றல் சுமார் 69,300 ஜூல். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவரை 141 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்! இந்த ஆற்றல் சில நொடிகளில் வெளிப்பட்டால் தீ உண்டாகும்.

மின்பகு திரவம் சிதையும்போது வாயுக்கள் உண்டாகி பாட்டரி உப்புகிறது. திரையின் ஓரம் தூக்கிக்கொண்டாலோ, பின்பக்கம் புடைத்தாலோ, மேசைமேல் வைத்த கைப்பேசி ஆடினாலோ எச்சரிக்கை! கைப்பேசியை அணைத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள். அழுத்தவோ, ஊசியால் குத்தவோ கூடாது. குத்தினால் உள்ளே உள்ள தாள் கிழிந்து இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். அதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பழுது நீக்குபவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பழைய பாட்டரியைக் குப்பையில் போடவும் கூடாது. நம் நாட்டில் 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

செய்து பாருங்கள்

கைப்பேசிப் பாட்டரியை ஒருபோதும் கழற்றி அளக்காதீர்கள். நமக்குப் பென்சில் செல் போதும். புதியது ஒன்று, களைத்தது ஒன்று, சிறிய டார்ச் பல்பு ஒன்று, பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பல்பை இணைக்காமல் ஒரு முறை, இணைத்து ஒரு முறை மின்னழுத்தத்தை அளவிடுங்கள். பல்பில் பாயும் மின்னோட்டத்தையும் அளவிடுங்கள். களைத்த செல் 1.3 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறங்கி, மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்றால், அகமின்தடை 0.4 ÷ 0.2 = 2 ஓம். உங்கள் செல்களுக்கு விடை என்ன? புதியதற்கும் பழையதற்கும் எத்தனை மடங்கு வேறுபாடு? கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த முறை யாராவது “போர்டு போய்விட்டது” என்று சொன்னால், உங்களிடம் கேட்பதற்கு நல்ல கேள்வி ஒன்று இருக்கும்.