யூஸ்டு ஸ்விஃப்ட்: பெட்ரோலா, டீசலா? அந்த "இழுவை"க்கு மாசம் எவ்வளவு கொடுக்கப் போறீங்க?



வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆச்சு. கையில ஒண்ணரை லட்சம் சேர்ந்திருக்கு, மீதிக்கு லோன். இந்தக் கணக்கோட யூஸ்டு கார் தேட ஆரம்பிச்சீங்கன்னா, சுத்தி முடிச்சு நீங்க வந்து நிக்கிற வண்டிகள்ல ஒண்ணு கண்டிப்பா 2018, 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட்டா இருக்கும். அங்க நின்னதும் அடுத்த கேள்வி வந்துடும். பெட்ரோலா, டீசலா?

கன்சல்டிங் கடையில என்ன நடக்கும்னு சொல்றேன். முதல்ல பெட்ரோல் வண்டியைக் கொடுப்பாங்க. ஓட்டுவீங்க, நல்லாத்தான் இருக்கும். அப்புறம் டீசல் சாவியைக் கையில கொடுத்து, காலியான ரோட்டுல "மூணாவது கியர்ல போட்டு ஒரு மிதி மிதிங்க சார்"னு சொல்லுவாங்க. மிதிச்சதும் முதுகு சீட்டுல போய் ஒட்டும். அந்த நொடியில மனசு டீசலுக்குக் கையெழுத்துப் போட்டுடும். விலை ஒரு லட்சம் கூடன்னு சொன்னா, "பரவாயில்ல, பெர்ஃபாமென்ஸ் வேணும்ல, மைலேஜும் வருது"ன்னு நமக்கு நாமே காரணம் சொல்லிக்குவோம்.

அந்த ஒரு மிதியில தெரியறது உண்மைதான். ஆனா அது முழு உண்மை கிடையாது.

பேப்பர்ல ஜெயிக்கிறது பெட்ரோல்

2018-ல வந்த ஸ்விஃப்ட்டோட பெட்ரோல் எஞ்சின் 1197 சிசி. பவர் 83 ஹெச்பி, அது 6000 ஆர்பிஎம்ல. டார்க் 113 நியூட்டன் மீட்டர், 4200 ஆர்பிஎம்ல. டீசல் எஞ்சின் 1248 சிசி. ஃபியட்டோட மல்டிஜெட் எஞ்சின்தான், அந்தக் காலத்துல மாருதி, டாடா, ஃபியட்னு எல்லார் வண்டியிலயும் இருந்ததால "தேசிய எஞ்சின்"னு செல்லப்பேரே வாங்கினது. இதோட பவர் 75 ஹெச்பி, 4000 ஆர்பிஎம்ல. டார்க் 190 நியூட்டன் மீட்டர், வெறும் 2000 ஆர்பிஎம்ல.

அதாவது பவர் பெட்ரோல்லதான் அதிகம். டீசல் வண்டி எடையும் சுமார் 100 கிலோ கூட. அப்புறம் ஏன் டீசல் ஓட்டும்போது மட்டும் அப்படி இழுக்குது?

தண்ணி லாரி வந்திருக்குன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் நடைக்கு ரெண்டு குடம் தூக்கறார், மெதுவா நடக்கறார். இன்னொருத்தர் ஒரு குடம்தான் தூக்கறார், ஆனா ஓடி ஓடி வர்றார். ஒரு தடவைக்கு எத்தனை குடம்ங்கறது டார்க். எத்தனை தடவை நடக்கறார்ங்கறது ஆர்பிஎம். கடைசியில தொட்டியில எவ்வளவு வேகமா தண்ணி நிறையுதுங்கறதுதான் பவர். டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினா பவர் வந்துடும்.

இப்ப கணக்குப் போடுவோம். 2000 ஆர்பிஎம்ல டீசல் எஞ்சின் கிட்டத்தட்ட 54 ஹெச்பி கொடுக்குது. பெட்ரோலோட உச்ச டார்க்கே 113 தான். அதை முழுசா 2000-லயே கொடுக்குதுன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் 32 ஹெச்பிதான் வரும். டீசல் 2000-ல கொடுக்கற 54-ஐ பெட்ரோல் கொடுக்கணும்னா, ஊசி 3500-ஐ நெருங்கணும். ஸ்விஃப்ட் டீசலோட மொத்த ரகசியமும் இவ்வளவுதான். டீசல் எஞ்சினுக்கு சக்தி அதிகம்னு இல்ல, சக்தி சீக்கிரம் வந்துடுது. பெட்ரோல்ல அதை நீங்கதான் கியரைக் குறைச்சு, ஆக்சிலரேட்டரை மிதிச்சு, எஞ்சினைக் கத்த விட்டு வாங்கணும்.

நம்மள்ல நிறைய பேர் எஞ்சினைக் கத்த விடமாட்டோம். டிரைவிங் ஸ்கூல்ல "சீக்கிரம் மேல் கியர் போடு"ன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. பெட்ரோல் வண்டியை 2000-லயே ஓட்டிட்டு "பிக்கப் இல்ல"ன்னு சொல்றவங்க, அந்த வண்டியோட பாதியைத்தான் ஓட்டியிருக்காங்க.

எந்த ரோட்டுல எது ஓடும்?

தாம்பரத்துல வீடு, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ்னு வைங்க. காலையில எட்டரை மணிக்கு மேடவாக்கம் பக்கம் பஸ்ஸுக்குப் பின்னாடி ரெண்டாவது கியர்ல ஊர்ந்துட்டு இருப்பீங்க. அந்த வேகத்துல டீசலோட டர்போ தூங்கிட்டு இருக்கும். டர்போ சுத்தறதே எஞ்சின் விடற புகையோட வேகத்துல. 1500 ஆர்பிஎம்முக்குக் கீழ அந்தப் புகை பத்தாது. டர்போ இல்லாத 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்னா ரொம்ப சாது. மிதிப்பீங்க, ஒண்ணும் நடக்காது. இன்னும் கொஞ்சம் மிதிப்பீங்க. திடீர்னு 2000 தாண்டினதும் வண்டி பாயும், முன்னாடி ஆட்டோ நிக்கும், பிரேக் அடிப்பீங்க. இதைத்தான் டர்போ லேக்னு சொல்றாங்க. ஸ்விஃப்ட்ல வந்த இந்த எஞ்சின்ல அது நல்லாவே தெரியும். பெட்ரோல்ல இந்தத் தொல்லை கிடையாது. காலை எவ்வளவு அழுத்தறீங்களோ அவ்வளவு நகரும். முன்பக்கம் எடை குறைவுங்கறதால திருப்பறதும் லேசா இருக்கும். சிட்டியில பெர்ஃபாமென்ஸ்னா எனக்கு இதுதான், இதுல பெட்ரோல்தான் ஜெயிக்குது.

பொங்கலுக்கு அதே வண்டியில அப்பா, அம்மா, தங்கச்சி, நாலு பையோட ஊருக்குக் கிளம்பறீங்க. ஏசி ஓடுது. செங்கல்பட்டு தாண்டி, 80-ல போயிட்டிருக்கும்போது முன்னாடி ஒரு லாரி, அதுக்கு முன்னாடி இன்னொரு லாரி. டீசல்ல நாலாவது கியர் போதும், லேசா மிதிச்சா ரெண்டையும் தாண்டிடலாம். பெட்ரோல்ல மூணாவதுக்கு வந்து, ஊசியை நாலாயிரத்துக்கு மேல ஏத்தணும். ஏத்தினா போகும், போகாம இல்ல. பின்னாடி இருந்து அம்மா "ஏன்டா வண்டி இப்படிக் கத்துது"ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். ஆனா கியரைக் குறைக்காம, அஞ்சாவதுலயே மிதிச்சுக்கிட்டு எதிர் லேனுக்குள்ள போனீங்கன்னா அது ஆபத்து. ஊர்ப் பக்கம் ரெண்டு வழிச் சாலையில ஓவர்டேக் பண்ணும்போது இந்த ஒரு பழக்கம் இல்லாதவங்களுக்கு டீசல்தான் பாதுகாப்புன்னுகூட சொல்லுவேன்.

மலைக்கு டீசல்தான் ராஜான்னு எல்லாரும் சொல்லுவாங்க. முக்கால்வாசி உண்மை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் வேகம் 15-க்கு இறங்கும். ரெண்டாவது கியர்லயே திரும்பினா டீசல் எஞ்சின் டர்போ எல்லைக்குக் கீழ விழுந்து திணறும், சில சமயம் ஆஃப்கூட ஆகும். ஃபர்ஸ்ட் கியருக்கு வந்தே ஆகணும். வளைவு முடிஞ்சு நேர் ஏற்றம் வந்ததும்தான் அது ராஜா. ஆள் நிறைய ஏறியிருந்தா அந்த இடத்துல பெட்ரோல் கிட்டவே வர முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம்

நம்ம வீடியோவில இந்தப் பகுதிக்கு நேரம் பத்தல, அதனால இங்க நிதானமா பார்க்கலாம்.

2025-ல சென்னையில பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் பக்கம், டீசல் 92.50 பக்கம். கம்பெனி சொன்ன மைலேஜ் பெட்ரோலுக்கு 22, டீசலுக்கு 28.4. நெரிசல்ல அதெல்லாம் வராது. பெட்ரோல் 15, டீசல் 19 கொடுக்குதுன்னு எடுத்துக்கறேன். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 6.73 ரூபாய், டீசல் 4.87 ரூபாய். வித்தியாசம் 1.86 ரூபாய்.

டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூட கேட்கறாங்கன்னு வைங்க. அதையும் லோன்லயே போடறீங்க. 13% வட்டி, நாலு வருஷம்னா, அந்த ஒரு லட்சத்துக்கு மட்டும் மாச இஎம்ஐ 2,683 ரூபாய். இதை 1.86-ஆல வகுத்தா, மாசம் சுமார் 1,440 கிலோமீட்டர் ஓட்டினாத்தான் எரிபொருள்ல மிச்சமாகறது இஎம்ஐக்குச் சரியாப் போகும். ஆபீஸ் கேப்ல போயிட்டு சனி, ஞாயிறு மட்டும் வண்டி எடுக்கறவர் மாசம் 300 கிலோமீட்டர் ஓட்டுவார். அவருக்கு மிச்சம் 560 ரூபாய்தான். மீதி 2,100 ரூபாய்க்கு மேல மாசாமாசம் அந்த "முதுகு ஒட்டற" சந்தோஷத்துக்குக் கொடுக்கற சந்தா. கொடுக்கக் கூடாதுன்னு சொல்லல, தெரிஞ்சு கொடுங்க. உங்க ஊர்ல விலை வித்தியாசம் 60,000 தான்னா இஎம்ஐ 1,610 ஆகும், எல்லை மாசம் 866 கிலோமீட்டருக்கு இறங்கிடும்.

வேடிக்கை என்னன்னா, ஹைவேல இந்த மிச்சம் குறையும். பெட்ரோல் 19, டீசல் 24 கொடுத்தா வித்தியாசம் கிலோமீட்டருக்கு 1.46 தான். ரெண்டு வண்டியுமே கம்மியா குடிக்கும்போது இடைவெளியும் சுருங்கிடுது.

இன்ஷூரன்ஸ்ல பயப்பட ஒண்ணுமில்ல. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு 1000 முதல் 1500 சிசி வரை ஒரே ஸ்லாப், ரெண்டு எஞ்சினும் அதுக்குள்ளதான். ரிப்பேர்ல தான் அடி. டீசல்ல இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப் எல்லாமே விலை அதிகம். ஒரே ஒரு இன்ஜெக்டர் மாத்தற பில்லுலயே பல மாச எரிபொருள் மிச்சம் கரைஞ்சுடும். மாருதி 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்ப டீசல் கார் விக்கிறதையே நிறுத்திடுச்சு. அதனால நீங்க பார்க்கற எந்த ஸ்விஃப்ட் டீசலும் சின்ன வயசு வண்டி கிடையாது. இன்னொண்ணு, டீசல் வாங்கினவங்க ஓட்டத்தானே வாங்கியிருப்பாங்க? 2018 டீசல் வண்டி மீட்டர்ல 40,000 காட்டினா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். பதிவு எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்துப் பாருங்க.

புது வண்டியே வேணும், அதுவும் டீசல் ஹேட்ச்பேக்தான் வேணும்னா, 2025-ல மிஞ்சியிருந்தது டாடா ஆல்ட்ராஸ் மட்டும். கதை அதேதான். பெட்ரோல் 88 ஹெச்பி, 115 நியூட்டன் மீட்டர், 1.5 லிட்டர் டீசல் 90 ஹெச்பி, 200 நியூட்டன் மீட்டர். 2025 செப்டம்பர் 22 முதல் ரெண்டுக்கும் ஜிஎஸ்டி 18% தான். அதுக்கு முன்னாடி செஸ் சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31 இருந்தது. டீசல் டாப் மாடல் பார்க்கறவங்க தமிழ்நாட்டு ரோடு டாக்ஸை மறந்துடாதீங்க. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினா வரி 13%-ல இருந்து 18%-க்குத் தாவிடும். கூடவே பிஎஸ் 6 டீசல்ல புகையை வடிகட்டற டிபிஎஃப் இருக்கு. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்க, அப்பப்ப ஒரு இருபது நிமிஷமாவது நிக்காத ஓட்டம் வேணும். தினம் நாலு கிலோமீட்டர் நெரிசல்ல மட்டும் ஓட்டறவங்களுக்கு அந்த வண்டி செட்டே ஆகாது.

என் தேர்வு கேட்டீங்கன்னா, மாசம் ஆயிரத்துக்குக் கீழ ஓட்டறவங்களுக்குப் பெட்ரோல் ஸ்விஃப்ட், கூடவே கியர் குறைச்சு ஓவர்டேக் பண்ற பழக்கம். மெடிக்கல் ரெப் மாதிரி ஊர் ஊரா சுத்தற வேலைன்னா யோசிக்காம டீசல் பாருங்க.

டெஸ்ட் டிரைவை அவங்க சொல்ற காலி ரோட்டுல பண்ணாதீங்க. வேலை நாள்ல, உங்க ஆபீஸ் போற வழியில ஓட்டிக் கேளுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டாவது கியர்ல ஏறி இறங்கிப் பாருங்க. மூணு நண்பர்களை ஏத்திக்கிட்டு ஏசி போட்டு ஒரு மேம்பாலம் ஏறுங்க. டீசல்னா ஒருத்தரை வெளியே நிக்க வச்சு, அழுத்தி மிதிக்கும்போது புகையைப் பார்க்கச் சொல்லுங்க. கரும்புகை தொடர்ந்து வந்தா இன்ஜெக்டர் பக்கம் வேலை இருக்கலாம், நீலப்புகை வந்தா ஆயில் எரியுது. இதையெல்லாம் விட முக்கியம், காலையில கடை திறக்கும்போதே போயிடுங்க. சாவி கேட்கறதுக்கு முன்னாடி பானட் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, "இவ்வளவு சீக்கிரம் ஏன் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. சரியான பதில் வரலைன்னா, மறுநாள் காலையில சொல்லாமப் போய் நில்லுங்க.