ஓதம் ஏறினால் மட்டிக்குக் கொண்டாட்டம்

எல்லையில்லா மகிழ்ச்சியில் திளைப்பவரை அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஹேப்பி அஸ் எ கிளாம்’ என்பார்கள். கிளாம் என்றால் மட்டி. ஓட்டுக்குள் ஒடுங்கிச் சேற்றில் புதைந்து கிடக்கும் உயிர் ஆனந்தத்துக்கு உவமையானது எப்படி? பாதி திறந்த ஓடு சிரிக்கும் வாய்போலத் தெரிவதால் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அது பொருந்தாது. பேச்சில் உதிர்ந்துபோன பின்பாதியில்தான் விடை இருக்கிறது. முழுத் தொடர் ‘ஹேப்பி அஸ் எ கிளாம் அட் ஹை வாட்டர்’. ஓதம் ஏறி நிற்கும் நேரத்து மட்டியின் மகிழ்ச்சி. ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் 1848-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச்சொல் அகராதியில் இந்த முழு வடிவமே உள்ளது. நியூ இங்கிலாந்தில் மட்டி கிடைக்கும் கரைகளில் இது பரவலான வழக்கு என்றும் குறித்திருக்கிறார்.

அமெரிக்காவின் வடகிழக்கில் மெய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் சேற்றுக் கரைகளில் வாழ்வது மையா அரெனேரியா என்னும் மெல்லோட்டு மட்டி. ஓடு கையால் அழுத்தினாலே நொறுங்கிவிடும். ஒட்டிப் பிறந்த இரு குழல்கள் கொண்ட நீண்ட ‘கழுத்து’ இதற்கு உண்டு. அது முழுவதும் உள்ளே அடங்காது என்பதால் ஓடும் இறுக மூடாது. ஆகவே ஆழமாகப் புதைந்திருப்பதே இதற்குப் பாதுகாப்பு.

நீர் வற்றியதும் சேற்றின் மேல் சிறு துளைகள் தெரியும். பக்கத்தில் காலடி விழுந்தால் மட்டி கழுத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்; துளையிலிருந்து நீர் பீச்சியடிக்கும். அதுவே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தோண்டுபவர் குட்டைப் பிடியும் வளைந்த பற்களும் கொண்ட கொத்தால் சேற்றைப் புரட்டி, ஓடு உடையாமல் கையால் எடுப்பார். கொத்துக்கு வேலை நீர் வற்றிய சில மணி நேரம்தான். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம்.

ஓதம் ஏறிவிட்டால் நிலைமை தலைகீழ். மட்டி கழுத்தை நீட்டி, ஒரு குழலால் கடல்நீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளால் வடிகட்டி உண்டு, மறு குழலால் நீரை வெளியேற்றுகிறது. வயிறும் நிறைகிறது, கொத்தின் பயமும் இல்லை. மட்டிக்கு மூளை கிடையாது. சில நரம்பு முடிச்சுகளே உண்டு. அதன் மனநிலையை மனிதர்தான் ஊகித்தார்கள், அதுவும் தோண்டுபவரின் கண்ணால்.

கடலின் கணக்கு வேறு. ஏறும் நீரோடு நண்டுகளும் வரும். ஓட்டில் துளையிட்டுச் சதையைத் தின்னும் நத்தைகளும் நடமாடும். ஐரோப்பாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்து சேர்ந்த பச்சை நண்டு, மெல்லோட்டு மட்டிக்குப் பேரழிவாகிவிட்டது. மெய்ன் கரையில் சில இடங்களில் இளம் மட்டிகளைக் காக்கச் சேற்றின் மேல் வலை விரித்து வைக்கிறார்கள்.